கொய்னா வாதத்துக்கு வார்ணாவின் சான்று

மகாராஷ்டிராவின் கொய்னாவில் 1967 டிசம்பர் 11 விடியற்காலையில் நிகழ்ந்த 6.3 ரிக்டர் நிலநடுக்கத்தை அங்குள்ள நீர்த்தேக்கமே தூண்டியது என்ற முடிவில் எனக்கு மாறுபாடு இல்லை. அதற்குக் காட்டப்படும் முதற்சான்றைத்தான் ஏற்க இயலவில்லை. அணைக்கு முன் அப்பகுதி அமைதியாக இருந்தது என்கிறார்கள். எந்தப் பதிவேட்டைக் கொண்டு? நீர் தேங்கத் தொடங்கி, மக்கள் அதிர்வுகளை உணர்ந்த பிறகே அங்கு நிலநடுக்கமானிகள் வைக்கப்பட்டன. அதற்கு முன் கருவி இருந்தது நூறு கி.மீ.க்கும் அப்பால், புனேயில். அங்கே பதிவாகாத சிற்றதிர்வுகள் நிகழவே இல்லை என்று கொள்வது பொருந்தாது.

வலுவான சான்று தெற்கே, வார்ணாவில் இருக்கிறது. அங்குள்ள அணையில் 1985-இல் நீர் தேக்கத் தொடங்கியபோது கொய்னாவைச் சுற்றிக் கருவிகள் இருபது ஆண்டுகளாக இயங்கி வந்தன. முன்னும் பின்னும் ஒப்பிட வாய்த்த இடம் இதுதான். 1993-இல் நடுக்கங்கள் வார்ணாவை அடுத்துக் குவிந்தன. அவ்வாண்டு டிசம்பரிலும் 1994 பிப்ரவரியிலும் 5 ரிக்டர் அளவிலானவையும் வந்தன.

பழைய நிலையங்கள் பெரும்பாலும் வடக்கே இருந்ததால், தெற்கத்திய மையங்களின் இருப்பிடத்தை நம்ப முடியாது என்பது ஒரு மறுப்பு. நியாயமான ஐயம், ஆனால் அளந்து பார்க்கக்கூடியது. முதன்மை அலைக்கும் இரண்டாம் அலைக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நொடியும் இத்தகைய பாறையில் ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவைக் குறிக்கும். காகிதப் பதிவில் இரண்டாம் அலையின் தொடக்கத்தை அரை நொடி தள்ளிக் குறித்துவிட்டால் மையம் 4 கி.மீ. விலகும். நிலையங்கள் ஒரே பக்கம் இருந்தால் திசைப் பிழையும் சேரும். அக்கால ஆழக் கணக்குகளை இந்த வாதத்தில் சேர்க்காததும் இதனால்தான். ஆனால் இரு அணைகளுக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. இருக்கிறது. சில கி.மீ. பிழை வார்ணாவின் நடுக்கத்தைக் கொய்னாவுக்குக் கொண்டுபோய்விடாது.

நிலையங்கள் பின்னர் பெருகியதால் எண்ணிக்கை கூடியிருக்கலாமே என்பார்கள். 4 ரிக்டருக்குக் குறைந்தவற்றை ஒதுக்கிவிட்டாலும் 1993-இன் தெற்குக் குவிவு நிற்கிறது. அத்தகைய நடுக்கங்களைப் பழைய கருவிகளும் தவறவிட்டிரா. 1985-க்கு முன் தெற்கே நடுக்கமே இல்லை என்று இங்கு வாதிடவில்லை. குவிவே இங்கு பொருட்படுத்தத்தக்கது. அணை இல்லாமலும் தக்காணம் நடுங்கும் என்று 1993-இன் கில்லாரி நிலநடுக்கத்தைக் காட்டுவோர் உண்டு. நடுங்கும்தான். கொய்னாவில் பருவமழைக்குப் பின் நடுக்கங்கள் கூடும் போக்குக்கு அது விளக்கம் ஆகாது.

எஞ்சுவது எட்டாண்டுத் தாமதம். நூறு மீட்டர் ஆழ நீர்கூட அடிநிலத்தில் கூட்டும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்குதான்; பல கி.மீ. ஆழத்தில் பாறை தாங்கும் சுமைக்கு முன் அது சொற்பம். எடை மட்டுமே காரணமானால் விளைவு நீர் ஏறியதுமே தெரிந்திருக்க வேண்டும். பாறைப் பிளவுகள் வழியே நீரழுத்தம் மெல்லப் பரவியது என்று கொண்டால் தாமதம் இயல்பாகவே பொருந்துகிறது. ஏரியின் நீர்மட்டம் ஆண்டுதோறும் ஏறி இறங்கியதும் இதற்குத் துணைபோயிருக்கும். இவ்விளக்கத்தைச் சோதிக்க, 1985 முதல் 1993 வரையிலான மூலக் காகிதப் பதிவுகளில் இரண்டாம் அலையின் தொடக்கங்களை மீண்டும் குறித்து, தெற்கு மையங்கள் ஆண்டுக்காண்டு எப்படி நகர்ந்தன என்று கணக்கிட வேண்டும்.