'வேண்டிய ஆகாரம்': ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லும் பிள்ளையார்பாளையத்துக் கூலிக் கணக்கும்

இயேசு கற்பித்த மன்றாட்டில், மத்தேயு 6:11இலும் லூக்கா 11:3இலும் உணவுக்கு அடையாக வரும் 'எபியூசியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'வேண்டிய' என்று தருகிறது. கத்தோலிக்க மன்றாட்டு 'அனுதின' என்கிறது. பின்னதே நேர்ப்பொருள், முன்னது நழுவல் என்று கொள்ளும் ஆய்வுப் போக்கு ஒன்று உண்டு. கடவுள் இன்று, இந்த வீட்டில் செயல்படுவார் என்ற எதிர்பார்ப்பை 'வேண்டிய' என்பது போதுமென்ற மனத்துக்கான அறிவுரையாகச் சுருக்கிவிட்டது என்பது அதன் வாதம். சான்றுகள் இதற்கு இடம் தரவில்லை.

'அன்றாட' என்ற பொருளுக்குக் கிரேக்கத்தில் உள்ள பிடிமானம் மெலிந்தது. இது சுவிசேஷ ஆசிரியர்களே ஆக்கிய சொல் எனப் பண்டைய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் கருதினார். விவிலிய மொழிபெயர்ப்பாளர் ஜெரோம் இதே சொல்லை லத்தீனில் லூக்காவில் ஒருவிதமாகவும் மத்தேயுவில் வேறுவிதமாகவும் பெயர்த்தார். எபிரெயர் சுவிசேஷத்தில் 'நாளைக்குரிய' என்று பொருள்படும் சொல் இருந்ததையும் அவரே குறித்துவைத்தார். 1889இல் வெளியான எகிப்தியச் செலவுக் கணக்கு ஒன்றில் இச்சொல் உள்ளது என்ற நம்பிக்கை 'நாள்படி' என்ற பொருளுக்குத் தூணாக நின்றது. காணாமற்போயிருந்த அந்தப் பாப்பிரஸ் தாள் 1998இல் யேல் பல்கலைக்கழகத்தில் மீண்டும் கிடைத்தது. அதில் இருந்தது எண்ணெயைக் குறிக்கும் சொல்.

தமிழ்ப் பாடத்தைக் கூர்ந்து பார்த்தால் தேர்வின் நுட்பம் விளங்கும். மூன்று வசனங்களுக்கு முன், மத்தேயு 6:8இல், கேட்பதற்கு 'வேண்டிக்கொள்' என்றும் இன்றியமையாததற்குத் 'தேவை' என்றும் தனித்தனிச் சொற்கள் வந்துள்ளன. 'தேவையான' என்று எழுதக் கைக்கெட்டும் தூரத்தில் சொல் இருந்தும், 11இல் 'வேண்டிய' வருகிறது. 'எங்களுக்கு' என்ற நான்காம் வேற்றுமை வந்தபின் இலக்கணப்படி தேவைப்பொருளே முதன்மை. இதை மறுக்க முடியாது. ஆயினும் வேண்டுதல் என்றால் தேவைப்படுவது, இறைஞ்சுவது என இரண்டும் தமிழ்ச் செவியில் ஒருங்கே ஒலிக்கும். எட்டாம் வசனத்தில் கேட்டலாக வந்த வேர்தான் பதினொன்றில் உணவின் மேல் ஏறி நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் இதைக் கருதியிருக்க மாட்டார் என்ற தடை பொருட்படுத்தத் தக்கதன்று. இங்கு ஆராயப்படுவது அவர் மனம் அன்று, சபையார் காதில் விழும் சொல்.

அச்சொல் வாழ்க்கையில் எங்கே பொருந்துகிறது என்பதற்குக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் நல்ல உரைகல். அங்குள்ள நெசவாளர் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர்; வேண்டுதலின் பொருள் அவர்களுக்கும் தெரியும். மத்தேயு 20இன் திராட்சத் தோட்டக் கூலியாளுக்கு மாலையில் காசு கைக்கு வரும். பட்டுத் தறியில் கணக்கு வேறு. பாவு பிணைத்து, கோர்வைக் கரைக்கு இன்னொரு கை துணை சேர்த்து, ஒரு சேலை முடியப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. அடைமழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறிப் பள்ளத்தில் ஈரம் ஏறும். உலை மட்டும் நாள்தோறும் கொதித்தாக வேண்டும். இத்தகைய வீட்டில் வரவு ஒரு நாளை அளவாகக் கொள்வதில்லை. இரண்டு சேலைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் மளிகைக் கடைக்காரர் பொறுப்பதும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பணம் தாமதமின்றிக் கிடைப்பதும், மழை விடுவதும் ஒரே வேண்டுதலுக்குள் அடங்கும். 'அன்றாட' என்ற அடை இவ்வளவையும் தாங்காது, 'வேண்டிய' தாங்கும். எதிர்பார்ப்பு இங்கே சுருங்கவில்லை, விரிகிறது.

லூக்காவின் பாடம் இந்த வாசிப்பை மேலும் உறுதிப்படுத்துகிறது. அங்கே 'எபியூசியோஸ்' தவிர, 'நாள்தோறும்' என்ற தொடரும் கிரேக்கத்தில் தனியே நிற்கிறது. கொடுத்தலைக் குறிக்கும் வினையும் தொடர்ந்து நிகழும் செயலைக் காட்டும் வடிவில் உள்ளது. 'எபியூசியோஸ்' என்பதற்கும் 'அன்றாட' என்றே பொருள் கொண்டால், அந்த வசனம் ஒன்றையே இருமுறை சொல்வதாகும். பழைய மொழிபெயர்ப்பு 'வேண்டிய' என்பதை ஆகாரத்தோடும் 'அன்றன்றும்' என்பதைத் 'தாரும்' என்ற வினையோடும் சேர்த்தது. நாள்தோறும் நிகழ்வது கொடுத்தல். உணவுக்கு நாள் குறிக்கப்படவில்லை.