வாழைப்பழ வாசனைக்கு ஒரு வேலை

வாழைப்பழ மிட்டாயிலும் வாழைப்பழ ஐஸ்கிரீமிலும் தூக்கலாக வருகிற அந்த வாசனையின் பெயர் ஐசோஅமைல் அசிட்டேட். செயற்கை என்று முகம் சுளிக்கிறோம். ஆனால் பழுத்த பீசாங் மாஸின் தோலை உரித்ததும் மூக்குக்கு வருவதிலும் இதே மூலக்கூறு உண்டு. பழத்தில் இதோடு இன்னும் பல வாசனைகள் சேர்ந்திருக்கும். புட்டியில் இது ஒண்டியாக நிற்கும். மிட்டாயின் மணம் தட்டையாகத் தெரிவது அதனால்தான்.

இந்த வாசனைக்கு முதலில் கிடைத்த பெயர் வாழையே இல்லை. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் பழமே சேராத பழ மணங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஆராய்ந்து எழுதிய ஜெர்மானிய வேதியியலாளர் ஹோப்மன், இதைப் பேரிக்காய் எண்ணெய் என்றே குறிப்பிட்டார். அன்றைய ஆங்கிலேயர்களுக்குப் பேரிக்காய் வீட்டுத் தோட்டத்துப் பழம், வாழை கண்ணில் படாத பழம். அவரை ஆச்சரியப்படுத்தியது இதன் மூலப்பொருள். சாராயம் வடித்த பிறகு மிஞ்சுகிற, குமட்டுகிற கசட்டு எண்ணெயிலிருந்துதான் இது வந்தது. அதிலுள்ள ஆல்கஹாலோடு அசிட்டிக் அமிலம், கொஞ்சம் கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் போதும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் நாங்களும் செய்திருக்கிறோம். நடைபாதை முழுக்க மணக்கும்.

மிட்டாய்க்காரர்களோடு இது நின்றுவிடவில்லை. 1884இல் ஹெப்னர்-ஆல்டெனெக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் வெளிச்சத்தை அளக்க ஒரு விளக்கு செய்தார். எரிபொருள் அமைல் அசிட்டேட், திரியின் விட்டம் 8 மில்லிமீட்டர், சுடரின் உயரம் 40 மில்லிமீட்டர். அந்தச் சுடர் தருவதுதான் ஓர் அலகு வெளிச்சம்; இன்றைய கணக்கில் சுமார் 0.9 கேண்டெலா. எண்ணெய் விளக்கில் ஆளுக்கு ஆள் எண்ணெய் மாறும். இதுவோ சுத்தமாகச் செய்யக்கூடிய ஒரே பொருள், எங்கே எரித்தாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி எரியும். பிறகு நைட்ரோசெல்லுலோஸ் மெருகுப் பூச்சுகளைக் கரைக்கவும் இது போனது. 1940களில் பெனிசிலினைப் பூஞ்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள்.

1962இல் இன்னொரு விஷயம் தெரியவந்தது. தேனீ கொட்டும்போது கூட்டத்தை உசுப்பிவிடுகிற வாசனையின் முக்கியப் பகுதி இதே ஐசோஅமைல் அசிட்டேட்தான். தேன்கூட்டுப் பக்கம் வாழைப்பழம் சாப்பிடாதே என்று தேனீ வளர்ப்பவர்கள் சொல்வது சும்மா இல்லை. நமக்குத் தின்பண்டம், தேனீக்கு அபாய மணி.

மனிதர்களும் இதை அபாய மணியாக ஆக்கிக்கொண்டார்கள். ஆலைகளில் ரசாயன ஆவியைத் தடுக்கிற முகக்கவசம் ஒருவருடைய முகத்துக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கிற சோதனை அது. முதலில் இரண்டு ஜாடிகள்: ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் துளியளவு வாழை எண்ணெய். எது எது என்று மூக்கால் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் சோதனை நடக்கும். பிறகு கவசத்தை மாட்டிக்கொண்டு, சின்னக் கூடாரம் போன்ற மறைப்புக்குள் அந்த வாசனையோடு நிற்க வேண்டும். ஆழமாக மூச்சு விடணும், தலையைத் திருப்பணும், குனியணும், பேசணும். வாழைப்பழம் மணந்தால் கவசம் ஒழுகுகிறது என்று அர்த்தம். தாடி வைத்திருந்தால் விளிம்பு முகத்தில் ஒட்டாது, சோதனையே கிடையாது.

இந்தச் சோதனையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மலைதான் ஞாபகம் வரும். திரிங்காப்பைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்கள், அதைத் தாண்டினால் தேயிலை. மருந்தடிக்கிறவர்கள் முகத்தில் பெரும்பாலும் நான் பார்த்தது கட்டிய துண்டு. அதற்கு விளிம்பும் கிடையாது, வடிகட்டியும் கிடையாது. காற்று திரும்பினால் மருந்து மூக்குக்குத்தான்.

மலேசியத் தோட்டங்களில் நெடுங்காலம் அடிக்கப்பட்ட களைக்கொல்லி பேராகுவாட். தவறுதலாகக் குடித்து ஆட்கள் இறந்ததால், பிற்காலத்தில் அதில் வேண்டுமென்றே நாற்றத்தையும் வாந்தி மருந்தையும் சேர்த்தார்கள். தெரியாமல் குடிப்பவரைத்தான் அந்த நாற்றம் தடுக்கும். தினமும் அதை முதுகில் சுமந்து அடிக்கிறவருக்கு அது பழகிப்போகும். 2002இல் தெனாகனித்தா அமைப்பு தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதே வருடம் அரசு பேராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அது தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. பேராகுவாட் போய்விட்டது. முதுகில் தூக்குகிற பம்பு போகவில்லை, அதில் வேறு மருந்து இருக்கிறது.

நாற்றமடித்தால் விஷம், மணத்தால் நல்லது என்பது நம் மூக்கின் பழக்கம். அந்தப் பழக்கத்தை நம்பி ஒருவரைத் தோட்டத்துக்குள் அனுப்ப முடியாது. வாழை எண்ணெய்ச் சோதனை மூக்கிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: வெளிக்காற்று உள்ளே வருகிறதா, இல்லையா? அதற்கு வேண்டியது ஒரு புட்டி, இரண்டு ஜாடி, ஒரு மறைப்பு, ஆளுக்கு அரை மணி நேரம். ஆனால் அதற்கு முன்னால், சோதித்துப் பார்க்க ஒரு கவசம் வேண்டும். துண்டைச் சோதிக்க முடியாது.