கால்நடை எரு இல்லாத நெல் சாகுபடி: திருமுக்கூடல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

தொழுஉரம், கோமியம், பஞ்சகவ்யம், எலும்புத்தூள், மீன் அமிலம், உழவு மாடு ஆகிய அனைத்தையும் விலக்கிய இயற்கை வேளாண்மையே இங்கு ஆய்வுப் பொருள். மண்ணில் தாமே வாழும் புழு பூச்சிகளுக்கு இதில் இடமுண்டு. அடைத்து வளர்த்துப் பெறும் மண்புழு உரத்துக்கு இடமில்லை. இங்கிலாந்தில் அயன் டோல்ஹர்ஸ்ட் இம்முறையில் காய்கறிப் பண்ணை நடத்துகிறார். நம் நெல் வயலுக்கு இது ஒத்துவருமா?

2. களம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். இவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலிலுள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையைக் குறிப்பிடுகிறது. அங்கே மருத்துவருக்கு நெல்லாகவும் ஊதியம் அளக்கப்பட்டது. இவ்வட்டாரத்தில் மருத்துவமும் வயலின் வளத்தை நம்பியே நடந்தது.

3. தழைச்சத்து

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுஉரம் இடலாம், அல்லது 6.25 டன் பசுந்தழை இடலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. எருவுக்குத் தழை ஈடாகும் என்பது இதனால் விளங்கும். சம்பா நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில், பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துகின்றன. வரப்பில் கிளிரிசிடியாவும் தண்ணீரில் அசோலாவும் இதற்குத் துணை நிற்கும்.

4. சாம்பல்சத்தும் மணிச்சத்தும்

நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில் தங்குகிறது. வைக்கோலை மட்கவைத்து வயலிலேயே சேர்த்தால், மாட்டின் வழியே சுற்றி வரும் சத்து நேரே மண்ணுக்குத் திரும்பும். மணிச்சத்தின் கதை வேறு. அதில் பெரும்பங்கு நெல்மணியோடு வெளியேறிவிடுகிறது. பாஸ்போபாக்டீரியா மண்ணில் கட்டுண்டதை விடுவிக்குமே தவிரப் புதிதாகச் சேர்க்காது. எனவே ஏரி வண்டலும் வீட்டுக் காய்கறிக் கழிவின் மட்கும் வயலுக்கு வந்தாக வேண்டும்.

5. இடர்ப்பாடுகள்

தக்கைப்பூண்டுக்குத் தண்ணீரும் இடைவெளி நாட்களும் தேவை. நவரை, சொர்ணவாரி, சம்பா என அடுத்தடுத்துப் பயிரிடுவோருக்கு அந்த இடைவெளி எளிதில் வாய்ப்பதில்லை. வைக்கோலோ தீவனமாக விற்றுக் காசாகும் பொருள். பச்சை வைக்கோலை அப்படியே நீர் தேங்கிய வயலில் உழுதால் மீத்தேன் பெருகும். முதலில் தழைச்சத்தும் முடங்கும்.

6. முடிவு

தழைச்சத்துக்கு விலங்கு எரு கட்டாயமில்லை. வைக்கோலை வெளியே விடாதவருக்குச் சாம்பல்சத்தும் பெருமளவு மிஞ்சும். மணிச்சத்தே இம்முறையின் உண்மையான சோதனை. ஆகவே இதில் இறங்கும் உழவர்கள் மண் பரிசோதனையோடு தொடங்கி, முதலில் ஒரு பாத்தியில் மட்டும் செய்து பார்த்து, விளைச்சலைக் கண்டபின் விரிவாக்க வேண்டும்.