ஓட்டுச்சாவடி வாசலில் ஊர்க்காரர்கள்

1986 பிப்ரவரி 7 அன்று பிலிப்பைன்ஸில் நடந்த அதிபர் தேர்தல் என்றதும், எண்கள் திருத்தப்படுவதாகச் சொல்லி மணிலாவில் கணிப்பொறிகளை விட்டு எழுந்து வெளியேறிய தேர்தல் ஆணைய ஊழியர்களே நினைவுக்கு வருவார்கள். பெரிய துணிச்சல்தான். ஆனால் மோசடி கணிப்பொறியில் தொடங்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இருந்த ஓட்டுச்சாவடிகளில் தொடங்கியது. அங்கே காவல் நின்றவர்கள் நாம்ஃப்ரெல் இயக்கத்தின் தொண்டர்கள். தொழிலதிபர் ஹோசே கான்செப்சியோன் தலைமையில் 1983இல் உருவான அந்த இயக்கத்தில் அப்போது சுமார் 5 லட்சம் பேர். அந்த எண்ணிக்கையைவிட, அவரவர் ஊரை அவரவர் அறிந்திருந்ததே பெரிய பலம் என்பேன். பட்டியலில் செத்தவர் பெயர் இருப்பதும், இருபது வருடமாக அதே தெருவில் குடியிருப்பவர் பெயர் காணாமல் போயிருப்பதும் ஊர்க்காரருக்குத்தான் தெரியும். கள்ள ஓட்டுப் போட வண்டியில் வந்திறங்கும் அந்நிய முகங்களும் அப்படித்தான். வாக்காளர் தம் கையாலேயே வேட்பாளர் பெயரை எழுதிய காலம் அது. சீட்டுகளை உரக்கப் படித்து, எல்லோரும் பார்க்கப் பலகையில் கோடு போட்டு எண்ணுவார்கள். அடுத்தடுத்த சீட்டுகளில் ஒரே கையெழுத்து வந்தால் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படும், தலைநகரில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

ஊர்க்காரர் கட்சி சார்ந்தவராக இருப்பாரே என்பார்கள். நியாயமான கேள்வி, நாம்ஃப்ரெல் எதிர்க்கட்சி வேட்பாளர் கொரசோன் அக்கினோ பக்கம் சாய்கிறது என்று அப்போதைய அதிபர் மார்கோஸ் தரப்பு அன்றே சொன்னது. ஆனால் அந்த இயக்கம் யாரையும் தன் வாய்ச்சொல்லை நம்பச் சொல்லவில்லை. சாவடி சாவடியாக முடிவுத்தாள்களை வாங்கிக் கூட்டியது, எவரும் சரிபார்க்கலாம். கனமான ஆட்சேபம் வேறு: ஊரை அறிந்தவரை ஊர் ரவுடியும் அறிவான். அந்தீக்கே மாகாணத்தின் முன்னாள் ஆளுநரும் அக்கினோ ஆதரவாளருமான எவெலியோ ஹாவியேர், வாக்கு எண்ணிக்கை ஓயுமுன், பிப்ரவரி 11 அன்று, சொந்த மண்ணில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட ஆபத்து இருந்ததால்தான் கன்னியாஸ்திரீகளும் பாதிரியார்களும் வாக்குப்பெட்டிகளோடு நின்றார்கள். செனட்டர் ரிச்சர்ட் லூகர் தலைமையில் வந்த அமெரிக்கக் குழு போன்ற வெளியாருக்கும் இதில் வேலை இருந்தது: ஊர்க்காரர் கண்டதை உலகின் காதுக்குக் கொண்டுபோவது. அவர்கள் தாமாகவே செத்தவர் பெயரைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நாம்ஃப்ரெல் சுமார் 70 விழுக்காடு சாவடிகளின் கணக்கைக் கூட்டியபோது அக்கினோ முந்தியிருந்தார். ஆனால் மார்கோஸ் வென்றதாக நாடாளுமன்றம் அறிவித்தது. எஞ்சிய சாவடிகளில் பல, தொண்டர்களை உள்ளே விடாமல் விரட்டிய இடங்கள். அங்கே என்ன நடந்ததென்று சொல்ல ஊர்க்காரர் இருந்தார்கள், அவர்கள் கையில் தாள் இல்லை.