டின்னும் தொனியும்

ராஜபாளையத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்த வாத்தியார் ஒரு நாள் கரும்பலகையில் மூன்றெழுத்துச் சொல் ஒன்றை எழுதி, 'டின்' என்று வாசித்துக் காட்டி, அர்த்தம் கேட்டார். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் சற்றும் தயங்காமல், "மண்ணெண்ணெய் டின், சார்!" என்றான்.

"அது வேறே டின்னடா. இதற்குப் பேரிரைச்சல் என்று அர்த்தம்."

"அதைத் தட்டினாலும் பேரிரைச்சல்தானே, சார்?"

வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஊருக்கு மேற்கே மலையடிவாரத்துத் தோப்புகளில் இராக் காவல் இருக்கிறவர்கள், காட்டுப் பன்றியைத் தகர டின்னை அடித்துத்தான் விரட்டுவார்கள். அவன் தகப்பனாருக்கும் அதுதான் வேலை.

குற்றம் நம் எழுத்தின் மேல். வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே 'ட'வை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் நாம். இங்கிலீஷில் உலோக டின்னுக்கு முதலெழுத்து வேறு, இரைச்சல் டின்னுக்கு வேறு. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

உறவு இருக்கிற இடம் வேறு. 1786-ஆம் வருஷம் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், சம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே ஊற்றிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு பிரசங்கம் செய்தார். அதற்குப் பின் வந்த பண்டிதர்கள் சொல் சொல்லாக எடுத்து ஒப்பிட்டார்கள். அப்படி ஒப்பிட்டதில், பழைய இங்கிலீஷில் 'டூனெ' என்று வழங்கிய இந்த டின்னும், சம்ஸ்கிருதத்தின் 'த்வனி'யும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்தது. இரண்டுக்கும் மூலப்பொருள் ஓசை எழுப்புவது. அந்த த்வனிதான் நம் வாயில் 'தொனி' ஆயிற்று.

உடனே 'இங்கிலீஷே தமிழிலிருந்து வந்தது' என்று கிளம்பிவிடக் கூடாது. தொனி நம்மிடம் வந்து தங்கிய விருந்தாளி. நம் மொழியின் குடும்பமே தனி என்று 1856-இல் விரிவாக எழுதிக் காட்டியவர் கால்டுவெல். அவர் வாழ்ந்த இடையன்குடி திருநெல்வேலி ஜில்லாவில் இருக்கிறது. 1910 வரையில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவைதாம்.

உடன்பிறப்புகள் பிரிந்து போன விதம்தான் விசித்திரம். டின் கடல் கடந்து போய்க் கடைசிவரை கத்திக்கொண்டே இருந்துவிட்டது. த்வனியோ, ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் கையில் அகப்பட்டு, கவிதையில் சொல்லாமல் சொல்லும் பொருளுக்குப் பெயராயிற்று. இரைச்சலாகப் பிறந்தது மௌனத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது! தமிழில் அது இன்னும் தணிந்து, "அவர் பேசின தொனியே சரியில்லை" என்கிற அளவில் நிற்கிறது.

நம் சொந்தச் சொல்லுக்கும் இந்தக் கதி உண்டு. ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊர்ப் பெண் ஆண்டாள், திருப்பாவையின் ஆறாம் ஏழாம் பாசுரங்களில் சங்கு முழங்குவதற்கும், பறவைகள் பேசுவதற்கும், தயிர் கடைவதற்கும் 'அரவம்' என்றே சொல்கிறாள். சங்குக்குப் 'பேரரவம்'. தூங்குகிறவளை எழுப்ப வந்த ஓசைகள் அவை. இன்றைக்கு நாம் அரவம் என்றால் எதைச் சொல்கிறோம்? "ஆள் அரவமே இல்லை" என்கிறோம். சருகு மிதிபட்டால் கேட்கிற சத்தம், அவ்வளவுதான்.

சங்கு மட்டும் தணியவில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் நூற்பாலை தொடங்கிய ராஜபாளையத்தில், ஆலை ஊதலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் சங்கு. 'மில் சங்கு ஊதியாச்சு' என்றால் ஷிப்ட் மாறுகிறது என்று பொருள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குப் பூஜை முடிந்ததை மதுரையில் இருந்த திருமலை நாயக்கர் அறிய, வழி நெடுக மண்டபங்களில் மணி அடிப்பார்களாம். அதைக் கேட்ட பிறகே அவர் சாப்பிடுவாராம். இது செவிவழிக் கதை. மணி ராஜாவைச் சாப்பிடச் சொல்லிற்று. சங்கு ஏழையை வேலைக்கு வரச் சொல்லிற்று.

என் பெரியப்பா அந்தச் சங்குக்குப் போனவர். எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். முப்பது வருஷம் நூற்புப் பிரிவில் நின்றார். உள்ளே ஒருவர் பேசினால் மற்றவருக்குக் கேட்காது; உதட்டையும் கையையும் பார்த்துப் பதில் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தும் அவர் எங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காதைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டோடு இருந்தார். ஒரு மார்கழி விடியலில் நான் அங்கே தங்கியிருந்தேன். தெரு முனையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் திருப்பாவை கிளம்பிற்று. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. அடுத்த வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தேன்.

பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, எங்கேயோ அரவம் கேட்கிற மாதிரி இருக்கே?" என்றார்.