தொடக்க காலத்திற்கு அனுப்பப்பட்டவர்கள்: வான்கூவர் பனிநடனமும் ஒரு ருஷ்யப் பயிற்றாசிரியையின் வாக்குமூலமும்

வான்கூவர் ஒலிம்பிக்கின் பனிநடனப் போட்டியில், 2010 பிப்ரவரி 21 அன்று, ஒரே அரங்கில், ஒரே விதியின் கீழ், ஒரு ருஷ்ய ஜோடி ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் கோலத்திலும் ஓர் அமெரிக்க ஜோடி இந்தியக் கோலத்திலும் ஆடியதைக் குறித்து இதுகாறும் எழுதியுள்ளோர், தம்முள் சிற்சில வேறுபாடுகள் இருப்பினும், முடிவில் ஒரே சித்திரத்தையே தீட்டி வந்துள்ளனர். ஒக்சானா டோம்னினாவும் மக்சிம் ஷபாலினும் ஆடியது அவமதிப்பு. மெரில் டேவிஸும் சார்லி வைட்டும் ஆடியது மரியாதை. முன்னதற்குக் காரணம் ருஷ்யப் பயிற்றாசிரியர்களின் வாய்த்துடுக்கும் உலக நடப்பறியாமையும். பின்னதற்குக் காரணம் அமெரிக்கரின் பன்மைப் பண்பாட்டுணர்ச்சி. இவ்வபிப்பிராயத்தின் முற்பாதியோடு எனக்கு வழக்கில்லை. நியூ சவுத் வேல்ஸ் பூர்வகுடி நில மன்றத்தின் தலைவியாயிருந்த பெவ் மேன்டன் அவ்வாண்டு ஜனவரியிலேயே எழுப்பிய கண்டனம் முழு நியாயமுடையது. அதைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் காரணம் கற்பித்த முறை பிழையென்றும், ஓர் இனத்தைப் பற்றிய வார்ப்பு எண்ணத்தைக் கண்டிக்கப் புகுந்தோர் ருஷ்யரைப் பற்றிய வேறொரு வார்ப்பு எண்ணத்தைக் கையிலெடுத்தனர் என்றும், அதன் பயனாய் அவ்வழக்கின் முதன்மையான சாட்சியத்தையே சரிவரப் படிக்கத் தவறினர் என்றும் காட்ட விழைகிறேன்.

யார் யாரிடம் பயின்றார் என்பதை முதலில் நோக்கவேண்டும். டோம்னினா–ஷபாலினுக்குப் பயிற்சியளித்தவர்கள் 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் பனிநடனப் பொற்பதக்கம் பெற்ற நதாலியா லினிச்சுக்கும் கென்னடி கார்ப்பனோசோவும். பயிற்சி நடந்த இடமோ மாஸ்கோவன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா. டேவிஸ்–வைட்டுக்கு மிச்சிகனில் பயிற்சியளித்தவர்கள் இகோர் ஷ்பில்பாண்டும் மரீனா ஸுயேவாவும். முன்னவர் 1990-இல் சோவியத் சறுக்கர்களோடு சுற்றுப்பயணம் சென்று அங்கேயே தங்கிவிட்டவர். பின்னவர் 1970-களில் சோவியத் நாட்டுக்காகப் பனிநடனம் ஆடியவர், ஜோடிச் சறுக்கில் இருமுறை ஒலிம்பிக் வெற்றி கண்ட கோர்தியேவா–கிரின்கோவ் இணையின் ஆட்டங்களை வடித்தவர். அவ்வாண்டு பொற்பதக்கம் வென்ற கனடா நாட்டு டெஸ்ஸா வர்ச்சூவும் ஸ்காட் மோயரும் இதே மிச்சிகன் ஆசிரியரின் மாணாக்கரே. அவர்கள் எடுத்துக்கொண்டது ஸ்பெயினின் ஃபிளமெங்கோ. ஆகவே மேடையேறிய மூன்று ஜோடிகளின் பின்னும் நின்றது அமெரிக்க மண்ணில் குடிபுகுந்த ஒரே சோவியத் மரபுதான். ருஷ்யமும் அமெரிக்காவும் எதிரெதிர் நின்று மோதின என்னும் கதைக்கு இங்கே ஆதாரமில்லை.

இனிச் சாட்சியத்திற்கு வருவோம். தாலின் நகரில் அவ்வாண்டு ஜனவரியில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் மண்ணிற மெல்லிய இறுக்குடையும், அதன்மேல் வெண்கோடுகளும், சிவந்த கோவணத்துணியும், தழைகளும் அணிந்து அவர்கள் ஆடிய ஆட்டம் கண்டனத்துக்குள்ளானபின், வான்கூவரில் அந்நிறமும் பூச்சும் தணிக்கப்பட்டன. அச்சமயம் லினிச்சுக் அம்மையார் பத்திரிகையாளரிடம் கூறிய விடையின் சாரம் இது: தாம் குறிப்பிட்ட எந்த நாட்டு மக்களையும் சித்திரிக்கவில்லை, மனிதர் இவ்வுலகில் தோன்றத் தொடங்கிய காலத்தின் காட்சியொன்றைக் காட்டவே முயன்றதாக அவர் சொன்னார். இவ்விடையை முந்தைய ஆய்வாளர் ஒருவர் விடாமல் சாக்குப்போக்கென்றே கொண்டனர். பிடிபட்டவர் கடைசி நேரத்தில் கண்டுபிடித்த சமாதானம் என்றனர் சிலர். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ருஷ்யப் பிடிவாதம் என்றனர் வேறு சிலர். ருஷ்யப் பயிற்றாசிரியர் என்றாலே கம்பளி அங்கியும் கடுஞ்சொல்லுமாகக் களத்தோரம் நிற்கும் ஓர் உருவம் தொலைக்காட்சியால் நம் மனத்தில் பதிந்திருப்பதால், அவ்வாயினின்று வரும் எதையும் வாதமாக எண்ணிப் பார்க்க நாம் முற்படுவதில்லை. ஸ்தனிஸ்லாவ் ஷுக், தத்யானா தாராசோவா ஆகியோரின் கண்டிப்பும் ஒளிவுமறைவற்ற பேச்சும் அவ்வுருவத்துக்கு உரமிட்டது மெய்யே. ஆயினும், தமாரா மோஸ்க்வினாவின் நிதானமும் நகைச்சுவையும் அதே மரபில் விளைந்தவைதாமே!

என் வாசிப்பு வேறு. லினிச்சுக் பொய் சொல்லவில்லை, மழுப்பவுமில்லை. தாம் கற்ற கலைச் சித்தாந்தத்தை, அது கேட்போர் காதில் எவ்வாறு விழும் என்ற கவலையின்றி, அப்படியே எடுத்துரைத்தார். அவர் வாக்குமூலத்தைச் சாக்கெனத் தள்ளாமல் சாட்சியாக ஏற்றால்தான் நடந்த தவற்றின் முழு ஆழமும் புலப்படும் என்பது என் துணிபு.

அச்சித்தாந்தம் யாது? ருஷ்ய நாட்டு நடனக் கல்வியில் செவ்வியல் பாலேவுக்கு அடுத்த ஸ்தானத்தில், ஒவ்வொரு நாட்டின் ஆட்டத்தையும் அரங்குக்கேற்பத் திருத்தி வகுத்த ‘குணச்சித்திர நடனம்’ என்றொரு துறை நெடுங்காலமாக உண்டு. ஸ்பானியம் என்றால் இன்ன தோள், ஹங்கேரியம் என்றால் இன்ன குதிகால், கீழைநாடு என்றால் இன்ன மணிக்கட்டு என்று அது பாடமாக்கி வைத்திருக்கிறது. இகோர் மொய்சேயெவ் 1937-இல் தோற்றுவித்த நாட்டுப்புற நடனக் குழு இத்துறையைச் சோவியத் அரசின் பெருமைகளுள் ஒன்றாக உயர்த்திற்று. பனிநடனம் 1976-இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது அதில் கோலோச்சிய சோவியத் ஆசிரியர்கள் இப்பாடத்தைப் பனிக்கட்டியின் மேல் பெயர்த்து வைத்தனர். லினிச்சுக்–கார்ப்பனோசோவின் ஆசிரியையான எலெனா சைக்கோவ்ஸ்கயாவே நாடகப் பள்ளியில் நடன அமைப்புப் பயின்றவர். 2009–10 பருவத்துக்கெனச் சர்வதேசச் சறுக்கற் சங்கம் ‘நாட்டுப்புற நடனம்’ என்னும் பொருளை விதித்தபோது, அப்பள்ளியில் பயின்றோர் அனைவரும் ஏற்கெனவே மனப்பாடமாயிருந்த பாடத்தையே விடைத்தாளில் எழுதினர்.

இவ்விடத்தில் பனிக்கட்டி என்னும் தளத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் முந்தைய ஆய்வுகள் உடையையும் இசையையும் நோக்கிய அளவுக்குக் காலை நோக்கவில்லை. நம் பரதநாட்டியத்தின் உயிர்நிலை அரைமண்டியில் அமர்ந்து உள்ளங்கால் முழுவதும் தரையில் அறையும் தட்டடவு. கதக்கிலும் அவ்வாறே, சதங்கை பேசுவது பாதம் நிலத்தை மோதுவதால். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் ஆட்டங்கள் பலவற்றிலும் மண்ணை மிதிக்கும் பாதமே தாளக்கருவி. எஃகுத் தகட்டின் விளிம்பில் நிற்பவனால் இவற்றுள் ஒன்றையும் செய்ய இயலாது. மோதினால் தகடு பனியில் புதையும், மோதாவிட்டால் வழுக்கும். ஆகவே இடுப்புக்குக் கீழே அன்று ஆடியோர் எல்லாரும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடினர்: அதே விளிம்பு மாற்றம், ஒற்றைக்காலில் சுழன்றபடியே முன்னேறும் அதே நகர்சுழற்சி, அதே தூக்கல், விதிநூலில் எண்ணிட்டு வகுத்த அதே அடிகள். நாடும் இனமும் குடியிருந்தது இடுப்புக்கு மேலேதான். டேவிஸ் சுழலும்போது விரல்களை முத்திரைபோற் குவித்துக் கழுத்தை வெட்டினார். டோம்னினா முழங்கையை விரித்து விலங்கின் அசைவை நினைவூட்டினார். இந்தியா எவ்விடத்தில் ஒட்டப்பட்டதோ, அவ்விடத்திலேயே பூர்வகுடியும் ஒட்டப்பட்டது. செய்முறையில் ஒன்று ஆராய்ச்சி, மற்றொன்று அலட்சியம் என்று பிரிக்க இடமில்லை.

இச்செய்முறையின் பழைய வரலாற்றில் தமிழருக்கும் ஒரு பங்குண்டு. கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து 1838-இல் பாரிஸுக்கு அழைத்துச் செல்லப்பட்ட தேவதாசிக் குழுவினரை, அவர்களுள் அம்மணி என்பாளை, கவிஞர் தியோஃபில் கோத்தியே வியந்து எழுதினார். அவர் கதை அமைத்த ‘சகுந்தலா’ பாலே 1858-இல் பாரிஸில் அரங்கேறியபோது அதற்கு நடனம் வகுத்தவர் லூசியன் பெத்திபா. அவருடைய தம்பி மாரியுஸ் பெத்திபா 1877-இல் பீட்டர்ஸ்பர்கில் கோயில் நாட்டியக்காரியைக் கதைத்தலைவியாக வைத்து ‘லா பயாதேர்’ படைத்தார். திருவந்திபுரத்து அடவுகளுள் ஒன்றேனும் அதிற் சேர்ந்ததென்று நான் வாதிக்கவில்லை. அங்ஙனம் வாதிப்பது அனுமானத்தின் எல்லையைக் கடப்பதாகும். ஆனால் கால்கள் பாலேவாகவும் கைகள் கீழைநாடாகவும் பிரிந்து நிற்கும் ஏற்பாடு ருஷ்ய அரங்கில் அன்றே உறுதிப்பட்டுவிட்டது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் இரண்டு ஆட்டங்களுக்கும் வேற்றுமையே இல்லையா? உண்டு, அது ஆடியோரிடத்தில் இல்லை, ஆடப்பட்டோரிடத்தில் இருந்தது. டேவிஸ்–வைட் எடுத்துக்கொண்டவை ‘தேவதாஸ்’ (2002), ‘பண்டி அவுர் பப்ளி’ (2005) ஆகிய இந்திப் படங்களின் பாடல்கள். பலதிறப்பட்ட இந்திய ஆட்டங்களைக் கலந்து, ஒப்பனையிட்டு, உலகுக்கு ஏற்றுமதி செய்யும் பணியைப் பம்பாய்த் திரைத்தொழில் தானே முன்கூட்டிச் செய்து வைத்திருந்தது. பனிக்கு வந்தது பிரதியின் பிரதி. ஆனால் முதற்பிரதியை எடுத்தது இந்தியக் கை. விதிநூல் கேட்ட ‘நாட்டுப்புறம்’ அதில் எள்ளளவும் இல்லை என்பதை எந்த நடுவரும் பொருட்படுத்தவில்லை. பூர்வகுடியினருக்கோ அவ்விதம் தம்மைத் தாமே அரங்குக்கு வடித்து உலகெங்கும் பரப்பிய தொழில் கிடையாது. ஆகவே குணச்சித்திர நடனத்தின் பாடத்திட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாடாக இடம் கிடைக்கவில்லை, காலமாகத்தான் கிடைத்தது. லினிச்சுக் சொன்னது இதைத்தான். அவர் சொன்னதில் பொய் இல்லாமையே அதன் கொடுமை. வெண்கோடு தவறு, இசை தவறு என்பன திருத்தக்கூடிய பிழைகள், வான்கூவரில் ஓரளவு திருத்தவும் பட்டன. இன்று உயிரோடிருந்து, நிலத்துக்காக வழக்காடி, பத்திரிகையில் மறுப்பும் எழுதும் ஒரு சமூகத்தை மனிதகுலத்தின் தொடக்கத்திற்கு அனுப்பிவிடுவது உடையை மாற்றுவதால் தீரும் பிழையன்று.

நாகலூரிலிருந்து இதை எழுதுகிறவனுக்கு இவ்வாதம் தொலைதூரத்து விஷயமாகத் தோன்றவில்லை. இங்கே சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர் என்றும், அவருள் மூத்தவனின் வழியே இம்மலைக்குரியதென்றும் சொல்பவர். தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலிலேயே அக்கதை பதிவாகியுள்ளது. அதன் சரித்திர உண்மை எவ்வாறாயினும், தாம் ஒரு காலத்தில் ஓரூரிலிருந்து புறப்பட்டு மற்றோரிடம் வந்தவர் என்று தம்மைப் பற்றி எண்ணும் மக்கள் அவர்கள். ஆதியில் முளைத்தவராகத் தம்மைச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் கீழே சமவெளிப் பள்ளிகளின் ஆண்டுவிழாவில் ‘ஆதிவாசி நடனம்’ என்று அறிவித்தவுடன் மேடையேறுவது என்ன? குழந்தைகளின் முகத்தில் கரி, இடுப்பில் மாவிலை, தலையில் கோழியிறகு, கையில் அட்டையில் வெட்டிய ஈட்டி. வாயில் பொருளற்ற கூவல். சாமையும் காப்பியும் பயிரிட்டு, வேட்டியும் சேலையும் உடுத்து, பழங்குடியினருக்கென ஒதுக்கிய ஏற்காடு தொகுதியில் வாக்களித்து வாழும் அண்டை வீட்டாரைக் குறித்து நாம் நடத்தும் இக்காட்சிக்கும் தாலினின் காட்சிக்கும் இடையே வேற்றுமை காண எனக்குத் தெரியவில்லை. நம் திரைப்படங்களின் மலைவாசிப் பாட்டுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆக்ஷேபங்கள் சில. டேவிஸ்–வைட் இந்திய நடனம் கற்பிக்கும் அம்மையார் ஒருவரிடம் பாடங்கேட்டனர், ருஷ்யரோ எவரையும் கேட்கவில்லை என்பது முதலாவது. கேட்டது நன்றே, விரல்களின் துல்லியம் அதனால் வந்தது. ஆனால் கேட்பதற்கு ஒருவர் அண்டையில் இருந்ததே இந்தியரின் குடியேற்றமும் செல்வாக்கும் தந்த வசதி என்பதை மறக்கலாகாது. இந்தியர் மகிழ்ந்தனரே என்பது இரண்டாவது. மகிழ்ந்தது மெய், மகிழ்ச்சி ஒரு வாசிப்பின் சரிதவறுக்குச் சான்றாகாது. ஒரு பயிற்றாசிரியையின் ஒருநாட் பேச்சின்மேல் இத்தனை பாரத்தை ஏற்றலாமா என்பது மூன்றாவது. இதுவொன்றே எனக்குச் சற்றுத் தயக்கம் தருவது. பத்திரிகையாளர் சூழ்ந்து நிற்கையில் அயல்மொழியிற் சொன்ன விடை அது. அவர் தம் மொழியில் ஆற அமரச் சொல்லியிருந்தால் வேறு நுட்பங்களும் சேர்ந்திருக்கக்கூடும். ஆயினும் அவ்விடை சொல்லப்படாமலே போயிருந்தாலும் ஆட்டத்தின் அமைப்பு அதையேதான் சொல்லிற்று; வாய்மொழி அதற்கு உறுதி கூட்டிற்று, அவ்வளவே. மிச்சிகன் ஆசிரியர்களிடம் அத்தகைய கேள்வியை எவரும் கேட்கவில்லையாதலால் அவர்கள் விடையும் நமக்குக் கிடைக்கவில்லை.

2010 ஜூனில் சர்வதேசச் சறுக்கற் சங்கம், இவ்வாட்டங்கள் இடம்பெற்ற போட்டிப்பகுதியையே நீக்கிக் குறுநடனம் என்பதைப் புகுத்திற்று. அதனோடு பிரச்சினையும் நீங்கியதென்று சிலர் எழுதியுள்ளனர். 2014-இல் ருஷ்ய மண்ணிலேயே, சோச்சியில், டேவிஸும் வைட்டும் ஸுயேவாவின் பயிற்சியில் பொற்பதக்கம் வென்ற நெடுநடனத்துக்கு இசை எது? ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1888-இல் இயற்றியதும், 1910-இல் தியாகிலெவின் பாலே குழுவுக்காக ஃபோகின் அந்தப்புரக் காட்சியாய் ஆக்கியதுமான ‘ஷெஹரஸாதே’. பம்பாய்ப் பாட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவரை அதை எடுத்த அதே ஆசிரியை, விதி கட்டாயப்படுத்தாதபோது தம் பள்ளியின் பழைய கீழைநாட்டுக்கே திரும்பினார். பயிற்றாசிரியை ஒன்றும் விளக்கவில்லை, எவரும் விளக்கம் கேட்கவுமில்லை. தாலினுக்கு எழுந்ததுபோன்ற கண்டனமும் அதற்கு எழவில்லை.