காருக்குள் ஒளித்து வைத்த காவல்காரன்

திருகோணமலையிலிருந்து உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டை செல்லும் கரையோர வீதியில் பழைய ஜப்பானிய கார்களுக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில், கைவிட்டிருக்க வேண்டிய கார்களையும் மக்கள் பேணிக் காக்க நேர்ந்தது. அவற்றுள் பலவற்றில், ஸ்டியரிங்குக்குக் கீழே, முன்னொரு காலத்தின் அச்சம் ஒரு சிறு கறுப்புப் பெட்டியாக இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடையில் வாங்கிப் பொருத்திய அலாரந்தான் அது.

அந்தப் பெட்டி ஏன் வந்தது? 1912இல் கடிலாக் கார், சார்ள்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டருடன் வந்தது. 1949இல் கிறைஸ்லர், சாவியைத் திருப்பினாலே எஞ்சின் இயங்கும் முறையைக் கொண்டுவந்தது. வசதி பெருகியது, களவும் இலகுவாயிற்று. சாவித்துவாரத்தின் பின்னாலுள்ள வயர்களை இணைக்கத் தெரிந்தவனுக்குச் சாவி தேவைப்படவில்லை. 1969இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்டியரிங் பூட்டைப் பரவலாக்கியது. 1986இல் கொர்வெட் காரின் சாவியிலேயே ஒரு மின்தடை பதிக்கப்பட்டது. புதிய கார்களில் இம்மொபிலைசர் இருக்க வேண்டும் என்ற விதி ஐரோப்பாவில் 1998இல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்பு முழுமை பெறாத அந்த இடைக்காலமே அலாரக் கடைகளின் பொற்காலம்.

இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர், பாவித்த ஜப்பானிய கார்கள் பெருமளவில் வந்து இறங்கின. தொழிற்சாலையிலேயே பொருத்திய இம்மொபிலைசர் அவற்றில் பலவற்றுக்கு இருக்கவில்லை. நாட்டில் போர் நடந்தது. வாகனம் ஒன்றை இழந்தால் அதே போன்ற இன்னொன்றை வாங்குவது எளிதன்று. ஆகவே, வாங்கியவர் சைரனையும் ரிமோட்டையும் சேர்த்தே பொருத்தினார். அதில் தவறேதும் இல்லை.

ஆயினும் அலாரத்தின் புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. காற்றுக்கும் கடந்து செல்லும் லொறிக்கும் அலறும் சைரனை ஊரார் விரைவிலேயே பொருட்படுத்தாமல் விட்டார்கள். ஒலியெழுப்பும் அலாரங்கள் களவைத் தடுப்பதில்லை, நகரத்தின் உறக்கத்தையே கெடுக்கின்றன என்று நியூயோர்க்கில் ஒரு குடிமக்கள் அமைப்பு 2003இல் அறிக்கை வெளியிட்டது.

முதுமையடைந்த அலாரத்தின் தீமை இரு வகைப்படும். முதலாவது, அது உறங்காமல் பற்றரியைக் குடிக்கிறது. 50 மில்லி அம்பியர் கசிந்தாலே ஒரு நாளில் 1.2 அம்பியர் மணியும், 30 நாளில் 36 அம்பியர் மணியும் போய்விடும். சிறிய காரின் பற்றரி ஏறத்தாழ அவ்வளவுதான் கொள்ளும். இரண்டாவது, இதைவிடக் கடுமையானது. அலாரத்தைப் பொருத்தியவர் ஸ்டார்ட்டருக்கோ இக்னிஷனுக்கோ செல்லும் வயரை வெட்டி, நடுவே ஒரு ரிலேயைப் புகுத்தியிருப்பார். உப்புக்காற்றில் அந்த ரிலே பழுதுற்றால் உரிமையாளரே கள்வனாகக் கருதப்படுவார், கார் நகராது. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு, 30 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள திருகோணமலை மருத்துவமனைக்குப் புறப்படும் குச்சவெளிக் குடும்பத்துக்கு இது சிறிய செய்தியன்று.

எனவே கழற்றலாம். ஆனால் பெட்டியைப் பிடுங்கி எறிவது கழற்றுவதாகாது. முதலில் பற்றரியின் மறை முனையைக் கழற்ற வேண்டும். சைரனுக்குள் தனிப் பற்றரி இருந்தால், முன்னதாகவே அதன் சாவியால் அதனை நிறுத்திவிட வேண்டும்; இல்லையேல் அது அலறும். பின்னர் பெட்டியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வயரையும் அது சேருமிடம் வரை தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும். கதவுச் சுவிட்சுக்கும் விளக்குகளுக்கும் செல்பவை பெரும்பாலும் மேலே ஒட்டப்பட்டவை. அவற்றை விலக்கி, உரிந்த இடத்தை முறையாக மூடினால் போதும். ரிலேக்குச் செல்லும் தடித்த வயர்கள் இரண்டும் அப்படியல்ல. அவை ஒரே வயரின் வெட்டுண்ட இரு முனைகள். அவற்றை மீண்டும் ஒன்றாக்கி, ஈயம் பற்றவைத்து, நன்கு காப்பிட வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சூடேறும், ஓடும் வழியில் எஞ்சினை நிறுத்தும், தீயும் பிடிக்கலாம். மஞ்சள் உறையிட்ட வயர்கள் காற்றுப்பைக்கு உரியவையாக இருக்கக்கூடும், அவற்றைத் தொடலாகாது. இடையே ஐயம் எழுந்தால், கைதேர்ந்த வாகன மின்தொழிலாளியிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

போர் 2009இல் முடிவுற்றது. அக்காலத்தில் காவலுக்கென வைத்தவற்றை ஒவ்வொன்றாக அகற்றுகிறோம். அகற்றியவுடன் பணி முடிந்ததென்று எண்ணுவது நமது பொதுவான இயல்பு. வீதித் தடையை எடுத்தவர்கள், அது பிரித்து வைத்த ஊர்களை மீண்டும் இணைப்பதைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறார்கள். காருக்கும் அதுவே விதி: பெட்டியைக் கழற்ற அரை மணி நேரம் போதும், வெட்டியதை ஒட்டவே பொறுமை வேண்டும்.